ஊஞ்சல் கொக்கியில் ஒரு கண்ணாடி உருண்டை

பெரியபட்டினம்
ரஜப் பிறை 20

அன்பு மகன் நெய்னா முகம்மதுக்கு உம்மா சொல்லிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம். நீ கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சாலிஹா எழுதுகிறாள். உன் சாச்சா சீனி முகம்மது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முடிந்ததும் வாசித்துப் பார்த்து, காலையில் அவரே தபாலில் சேர்ப்பார்.

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலை செய்கிற ஓட்டலில் ஆட்டக் கூடத்துக்குப் புதுச் சாமான் வாங்குகிறார்கள், கண்ணாடிச் சில்லு ஒட்டிய பழைய உருண்டைகள் இரண்டைக் கழித்துவிடுகிறார்கள், பெரியது வேண்டுமா சின்னது வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பில் யாரோ வியாபாரி வீட்டு விருந்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அக்கா சாலிஹாவை ஒரு தரம் பார்த்தாள், கூடத்து உத்திரத்தை மூன்று தரம் பார்த்தாள். "ஒங்க மவன் பெரிய ஓட்டல்ல இருக்காராமே, அந்தச் சுத்துற உருண்டை ஒண்ணு தொங்கவிட்டா கலியாண வீடு களையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் சாச்சாவுக்கு வேறு பேச்சு இல்லை. பெரியதாகவே வரட்டும் என்றார். வெளிப் பந்தலில் கட்டினால் கடல் காற்று அடித்து நொறுக்கிவிடும் என்பதால் கூடத்து உத்திரத்தில் உன் வாப்பா அடித்த ஊஞ்சல் கொக்கியிலேயே தொங்கவிடுவது என்று முடிவு. கொக்கி எந்தப் பாரத்தையும் தாங்கும். நீ ஆடிய ஊஞ்சல்தானே.

போன வியாழக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தோம். உருண்டை வருவதற்கு முன்னே வெளிச்சம் எப்படி விழும் என்று தெரிய வேண்டும் என்று உன் சாச்சா சொல்ல, உன் தங்கை ஒரு நெற்றுத் தேங்காயை எடுத்து, உடைந்த அலமாரிக் கண்ணாடியைச் சில்லு சில்லாக்கி, கருவேலம் பிசினால் ஒட்டினாள். ஒரு பக்கம் பெரிய சில்லு, மறு பக்கம் பொடிச் சில்லு. விரல் இரண்டு இடத்தில் அறுபட்டு ரத்தம் வந்தது, அவள் சொல்லவில்லை, தேங்காயில் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நம் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை, அதனால் மோட்டாரை அங்கேயே விட்டுவிடு. கயிற்றை முறுக்கிவிட்டால் உருண்டை தானே சுற்றுகிறது, முறுக்கு அவிழ்ந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிச் சுற்றுகிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சும்மா வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை, கூடம் முழுக்க வெளிச்சம், உருண்டை செத்துக் கிடந்தது. நீ எழுதியிருந்தபடி, மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டு விளக்கை அதற்குள் வைத்து, மற்ற விளக்கையெல்லாம் அணைத்த பிறகுதான் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக ஓடியது. பக்கத்து வீட்டுக் குல்சும் வந்திருந்தாள். "இங்கன பாருங்க, சாச்சா தலையில நட்சத்திரம் மேயுது" என்று அவள் சொல்ல உன் சாச்சாவே சிரித்துவிட்டார். பிறகு அவள் சாலிஹாவைப் பார்த்து, "ஏன்டி, ஒன் கலியாணத்துக்கு நீயே வெளக்குச் சோடிக்கிறியே, மாப்பிள்ள வந்தா நீயே போயி கால் கழுவி வுட்டுருவ போல" என்றாள். உன் தங்கை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, கயிற்றை இன்னொரு முறை முறுக்கிவிட்டாள். நல்ல பொறுமையான பெண் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

கல்யாண வீட்டை இருட்டாக்குவது நல்லதா என்று எனக்கு யோசனை. இஷா தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் மட்டும் அணைத்தால் போதும் என்று உன் சாச்சா சொல்கிறார். பள்ளிவாசல் லெப்பை கேள்விப்பட்டு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டா என்று கேட்டாராம். "ஆடப்போறது உருண்டை மட்டுந்தான் லெப்பே, மனுசரெல்லாம் உக்காந்துதான் இருப்போம்" என்று உன் சாச்சா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒத்திகையில் பார்த்தவரை, பெரிய சில்லு வெளிச்சத்தை அள்ளி எறிகிறது, கண்ணுக்குக் கூசுகிறது. பொடிச் சில்லுதான் பார்க்க இதமாக இருக்கிறது. ஆகையால் சின்னதே போதும் என்பது என் எண்ணம், உன் சாச்சாவும் சரி என்றுவிட்டார். உமி நிரப்பிய பெட்டியில் வைத்துக் கட்டு. வைக்கோலை நம்பாதே.

மாப்பிள்ளை விவரம் கேட்டிருந்தாய். வயது முப்பத்தெட்டு. மூத்த தாரம் மௌத்தாகி ஒரு வருசம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். இராமநாதபுரத்தில் சொந்தமாகக் கடை. உன் தங்கைக்கு வருகிற மாசியில் பதினான்கு முடிகிறது. இப்போது முக்கியமானது. உன் வாப்பா இல்லாததால் அவளுக்கு வலி, நிக்காஹ் செய்துகொடுக்கிற பொறுப்பாளி, நீதான், மூத்த ஆண்பிள்ளை நீ இருக்கும்போது சாச்சா நிக்காஹ் செய்துகொடுக்க முடியாது என்று லெப்பை சொல்கிறார். நீ வர முடியாவிட்டால், அந்தப் பொறுப்பை சாச்சாவிடம் ஒப்படைத்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒரு காகிதம் அனுப்ப வேண்டும். அது வந்தால் ஷஃபான் பிறையில் நிக்காஹ். உருண்டையும் காகிதமும் சேர்ந்து வந்தால் நல்லது என்று உன் சாச்சா எழுதச் சொல்கிறார். எழுதியாயிற்று.

காக்கா, இனி வருவது உம்மா சொன்னது இல்லை. நான்தான், உங்கள் தங்கை சாலிஹா. இப்போது இரவு. விளக்கைச் சின்னதாக்கி அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாச்சா கூடத்தில் படுத்திருக்கிறார்கள், இருமும்போதெல்லாம் விளக்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்கிறேன். கை சூடுபடுகிறது, வலி தெரியவில்லை. எனக்குக் கொஞ்ச நாளாக எதுவுமே அப்படித்தான் இருக்கிறது. சில்லு அறுத்தபோதும் வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பதிவிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். அழ வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆனால் பயம் மட்டும் இருக்கிறது. அது ஏன் போகவில்லை என்று தெரியவில்லை.

நிக்காஹ் அன்று சாட்சிகள் வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கு அப்போது வாய் வராது காக்கா, எனக்கே தெரியும். குல்சும் லாத்தா கேலிக்கே எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. காகிதத்தை அனுப்பாதீர்கள். "நான் வராமல் நிக்காஹ் இல்லை" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் சொல்லாமல் யாரும் செய்ய முடியாது என்று லெப்பை சொன்னதை சாச்சா வாயாலேயே கேட்டேன். உருண்டையை வேண்டுமானால் அனுப்புங்கள். அது தொங்கட்டும், எல்லாரும் அண்ணாந்து பார்க்கட்டும்.

இது உம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். மத்தியானம் கடிதம் முடிந்ததும், தன் பேரை உம்மா என்னைத் தாளின் கடைசியில் எழுத வைத்து, அதன் கீழே கைநாட்டு வைத்தார்கள். அவர்கள் கைநாட்டு இல்லாத கடிதத்தை நம்ப மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தது அவர்களுக்கு நினைவு இருக்கிறது. நடுவிலே இம்புட்டு இடம் ஏன் வெறுமனே கிடக்குது என்று சாச்சா கேட்டதற்கு, "கை தவறிப்போச்சு, நான் என்னத்தக் கண்டேன்" என்றார்கள். உறையை ஒட்டச் சொன்னதற்கு, சோற்றுப் பருக்கை காலையில்தான் கிடைக்கும் என்றார்கள். பானையில் சோறு இருந்தது. படுக்கப் போகும்போது மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எனக்கு எழுத்துத் தெரியாது புள்ள, தாளு வெள்ளையா இருந்தா வெள்ளையின்னு தெரியும், அம்புட்டுத்தான்" என்று சொன்னார்கள். சாச்சா எழுந்திருக்கும் முன்னே உம்மா உறையை ஒட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு அவர்கள் தினமும் துஆ செய்கிறார்கள். ஈரத் துணியோடு நிற்காதீர்கள், இரவு வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள் என்று எழுதச் சொல்லி எப்போதும் சொல்வார்கள், இன்று சொல்ல மறந்துவிட்டார்கள், நான் எழுதிவிட்டேன். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். எழுதிக்கொண்டே வந்து உம்மாவின் பெயரைத் தொட்டுவிட்டேன், இனி இடம் இல்லை. காகிதம் வேண்டாம் காக்கா.

இப்படிக்கு,
உன் உம்மா,
உம்மு ஹபீபா
(கைநாட்டு)