விறைப்பு இறங்க எத்தனை நாள்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா?

மூணு வருஷமா மீன் வெட்டிக்கிட்டு இருந்தவனை, போன வாரம் கம்பெனியில மாட்டுக்கறிப் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க. மீன்ல தாமதிச்சா திட்டு விழும். அந்தப் பழக்கத்துல, அப்பத்தான் அறுத்துத் தொங்கவிட்ட மாட்டுத் தொடையை மளமளன்னு எலும்பு எடுத்து வெச்சுட்டேன். கறி சுருங்கி, வேகவெச்சா செருப்புத் தோல் மாதிரி ஆயிடுச்சு. "இது என்ன மீனாய்யா?"ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்தினார். முதல்லயே சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்து உதிர்ந்திருக்குமா?

பரிசோதனைக்கூடத்து அம்மாதான் அப்புறம் விளக்கினாங்க. உயிர் போனதும் தசையில இருக்கிற புரதங்கள் ஒன்னையொன்னு இறுக்கிப் பிடிச்சு விறைச்சுக்குமாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமா அறுபட்டு இளகுமாம். ஐஸ்ல வெச்ச மீனுக்கு ரெண்டு மூணு நாள், மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அவசரப்பட்டு எலும்பைக் கழட்டினா கறி கெட்டுது.

வேலை போகல, பயப்படாதே. கை விறைக்குது, கம்பளி உறை ஒரு ஜோடி அனுப்பு. பாப்பா கிறுக்கின காகிதம் ஏதாவது இருந்தா அதையும் வை.

வேலைக்குக் கூட்டிப்போற வண்டி வந்துடுச்சு, முடிக்கிறேன். லீவு கிடைக்கலைன்னு சொன்னதிலிருந்து நீ போனை எடுக்கறதில்லை. இன்னியோட நாற்பது நாள். செத்த மாடே பன்னிரண்டு நாள்ல இளகிடுதுடி.

பாப்பா அப்பா