பரணில் ஒரு தடையுத்தரவு

டண்டீ,
பிப்ரவரி 9

அன்புள்ள லாக்லன்,

வெலிங்டனில் நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எனக்கு வழக்கமான முழங்கால் வலி, உன் அப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, மற்றபடி நலம். ஈஸ்டருக்கு வருகிறோம், ஆனால் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று எழுதினாயே, அதைப் படித்த மறுநாளே மனுஷன் பரணை அறையாக்குகிறேன் என்று ஏணியைப் போட்டுவிட்டார். ஆள் வைக்கலாம் என்றேன், கேட்டால்தானே! வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்கக் கூரைச் சரிவில் மரங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சை மூச்சு முட்டத் திணித்தார். காற்று போக இரண்டு விரல் இடைவெளி விடாவிட்டால் மரம் உளுத்துப்போகும் என்று நகராட்சி இன்ஸ்பெக்டரம்மா சொன்னதும் அத்தனையையும் பிடுங்கி மறுபடி வைத்தார். அந்தப் பஞ்சுத்தூள் ஒட்டிய பனியனை என் துணியோடு சேர்த்துத் துவைத்துத் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாங்கள் இருவரும் சொறிந்த சொறியில் எங்கள் வரிசையே காலியாகிவிட்டது.

போன வாரம் நல்ல பனி. மற்ற கூரைகளிலெல்லாம் பனி உருகிச் சொட்ட, நம் கூரை மட்டும் வெள்ளை மாறாமல் இருந்தது. அப்பா நடுத்தெருவில் நின்று, "பாத்தியா எஃபி, என் வீட்டுச் சூடு ஒரு பொட்டு வெளிய போகல" என்று எதிர்வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டார். அவள் சும்மா விடுவாளா? "அப்ப அந்த மூலையில மட்டும் பனி உருகிக் கெடக்கே, என்ன மர்டோ, உள்ள சூடு விளக்குப் போட்டுக் கஞ்சா வளக்குறியா?" என்றாள். அதை யாரோ நிஜமென்று நம்பிவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள்.

மேலே கூட்டிப்போய்க் காட்டினோம். கிழக்கு மூலையில் மட்டும் பஞ்சு இல்லை, வெறும் பலகை. அதில் ஒன்பது வயதில் நீ சிவப்புப் பெயின்டில் எழுதியது அப்படியே இருக்கிறது: "லாக்லன் கோட்டை. அப்பா உள்ளே வரக்கூடாது." இதை ஏன் சார் மூடல என்று அவர்களில் ஒருவர் கேட்டதற்கு உன் அப்பா, "எழுத்து மூலமா தடை போட்டிருக்கான். போட்டவனே எடுக்காம நான் எப்படிக் கை வைக்கிறது?" என்றார். கேட்ட போலீஸ்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று நான் சுட்ட ஷார்ட்பிரெட் பிஸ்கட் இரண்டைத் தின்றுவிட்டுப் போனார்.

எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அவர் பனியனை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. நீ கிளம்பிய அன்று இருவரும் வாசலில் கத்திக்கொண்டீர்களே, அதிலிருந்து ஏழு வருஷமாக அவன் எப்படி இருக்கான் என்று அவரும், அவர் எப்படி இருக்கார் என்று நீயும் என்னிடம்தானே கேட்கிறீர்கள்! உன்னிடம் நேராகக் கேட்க அவருக்கு வாய் வராது, அதுதான் பலகையைச் சாக்கு சொல்கிறார்.

மார்ச் 3 அன்று இன்ஸ்பெக்டரம்மா மறுபடி வருகிறாள். அந்த மூலையை மூடாவிட்டால் அறையில் யாரும் படுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குட்டியை ஓட்டல் கட்டிலில் தூங்க வைக்காதே. "அப்பா உள்ளே வரலாம்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் வந்து சேர ஆண்டவர் துணையிருக்கட்டும்.

மறந்துவிடாதே, உறையின் மேல் அவர் பெயரை எழுது. என் பெயர் வேண்டாம்.

உன் அம்மா,
ஐசபெல்