அஃறிணை இரைச்சல்

மார்ச் 3, செவ்வாய்

சுவருக்கு வண்ணம் அடித்து முடித்தார்கள். காலமான என் வீட்டுக்காரருடைய ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து, பழைய இடத்தில் நானே வைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு பிளக் சிவப்பில், வெள்ளை வெள்ளையில். எதிலும் சேராமல் பின்னால் ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. அதைச் சுருட்டி வெள்ளை நூலால் கட்டிவிட்டேன். நாற்பது வருடம் சொல்லியும் அந்த மனிதர் கட்டாத கம்பி.

ரெக்கார்டைப் போட்டால், பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

மார்ச் 5

மகள் வந்தாள். பேசிக்கொண்டே ரெக்கார்டைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா. உன் காதுலதான் இரையுது. போன மாசம் வழுக்கி விழுந்தே, இப்ப காது. தனியா இருந்தது போதும், எங்ககூட வந்துடு."

சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து, கூடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். சும்மா இருக்கட்டுமாம். காலிப் பெட்டி எங்காவது சும்மா இருக்குமா?

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வை பார்த்தவள் நான். லைன் இரைச்சல் எது, காது இரைச்சல் எது என்று எனக்குத் தெரியாதா? இரைச்சல் கருவியில் என்றால் நான் இந்த வீட்டில். காதில் என்றால் என் புடவைகள் அந்தப் பெட்டியில். விஷயம் அவ்வளவுதான்.

மார்ச் 8

எவ்வளவு கோபம் வந்தாலும் எழுத்து கோணக் கூடாது.

மாப்பிள்ளை வந்திருந்தார். பிளேயரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பால்கனியில் நின்று யாருடனோ போனில் பேசினார். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஜன்னல் திறந்திருந்தது.

"ஆமா, அன்பேலன்ஸ்டுதான்… மாமனார் இருந்தவரைக்கும் அவர் கைக்கு அடங்கி இருந்துச்சு. இப்ப வயசாயிடுச்சில்ல, எப்பப் பாத்தாலும் ஒரே முனகல்… சேச்சே, எங்க வீட்டுக்கெல்லாம் வேண்டாம். அதை வைக்க எங்க இடம் இருக்கு?"

அது! என்னை! 'அவங்க' என்றுகூட இல்லை. அஃறிணை! பன்னிரண்டு வருஷமா வாய் நிறைய 'அத்தை, அத்தை'னு கூப்பிட்ட மனுஷன். மகள் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறாள். இவர் இடமில்லை என்கிறார். அப்ப நான் எங்கதான் போறது?

கான்வென்ட்டில் கட்டுரைக்குப் பரிசாகத் தந்த ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'அன்பேலன்ஸ்டு': நிலை தவறிய, மனம் பிறழ்ந்த. சந்தேகத்துக்கே இடமில்லை.

மார்ச் 9

மாப்பிள்ளை காபிக்கு வந்தார். சர்க்கரை போடவில்லை. மறதி இல்லை.

மார்ச் 11

காலையில் ஒரு போன்.

"சாரோட மாமியாருங்களா? நான் மெக்கானிக். உங்களுது அன்பேலன்ஸ்டுனு சார் சொன்னாரு."

ஊரெல்லாம் சொல்லிவிட்டார்! "என்னுடையது எது?" என்றேன், எக்ஸ்சேஞ்சில் பயிற்சிப் பெண்களைக் கேட்கும் குரலில்.

"பிளேயர் மேடம்."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். லைன் கெட்டுவிட்டதென்று அவர் மூன்று தடவை 'ஹலோ' சொன்னார்.

பிறகு விளக்கினார். பிளேயரை இணைப்பதில் இரண்டு முறையாம். அன்பேலன்ஸ்டில் பாட்டு ஒரு கம்பியில் வரும். வழியில் இரைச்சல் ஏறினால் அதையும் சுமந்துகொண்டே வரும். பேலன்ஸ்டில் இரண்டு கம்பிகள்; பாட்டு ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் வரும். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும்; கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் தொலைந்துபோகும், பாட்டு மட்டும் மிஞ்சும். அட, எங்கள் டெலிபோன் லைனே அப்படித்தானே!

"ஊசிக்குள்ள பாட்டு பேலன்ஸ்டாத்தான் பொறக்குது மேடம். வெளிய வர்ற எடத்துலதான் மாறிடுது. ஆனா உங்க வயர் ஒரு கை நீளம்தானே, அன்பேலன்ஸ்டே போதும்."

"பேலன்ஸ்டே போடுங்கள்" என்றேன். அந்தச் சொல் இன்னொரு நாள்கூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? நல்ல வேளை, நான் அவரை நேரில் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை ஒன்றுதான் கணக்கில் நிற்கிறது.

மார்ச் 14, சனி

மெக்கானிக் பேலன்ஸ்டு இணைப்புக்கான புதிய கருவியும் மூன்று முள் பிளக்குமாக வந்தார். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பழைய இணைப்பிலேயே ஒரு முறை போட்டுக் காட்டச் சொன்னார் மெக்கானிக். 'ம்ம்ம்ம்.' மகள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பின்பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"மேடம், இதை யாரு இவ்வளவு அழகா கட்டி வச்சது?"

"ஏன்?"

"இதுதான் எர்த் கம்பி மேடம், இரைச்சலை இழுத்துக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஸ்க்ரூல மாட்டணும்."

நூலை அறுத்தார். மாட்டினார். இரைச்சல் பட்டென்று நின்றது.

"ஐயோ, அம்மா!" என்றாள் மகள். "இவ்வளவு நேரமும் இரைஞ்சுட்டா இருந்துச்சு? நின்னப்புறம்தானே தெரியுது!"

இரைச்சல் கருவியில்தான் என்று நிரூபணமாகிவிட்டது. அதைக் கருவியில் ஏற்றியது யார் கை என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"புதுசு மாட்டட்டுங்களா மேடம்?"

"வேண்டாம். அன்பேலன்ஸ்டே இருக்கட்டும்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. ஒன்று பழைய பாக்கி. "என்ன அத்தை, இன்னிக்கு இவ்வளவு இனிப்பு?" என்றார். "அது அப்படித்தான்" என்றேன்.

அந்த மனிதர் கம்பியைக் கட்டாததற்குக் காரணம் இருந்திருக்கிறது. நாற்பது வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இடம் கொடுத்தேனா?

மார்ச் 22

மகள் போன் செய்தாள். "பெட்டி கூடத்துலயே இருக்காம்மா? எடுத்துட்டுப் போயிடறேன்."

"அது நிறைஞ்சிடுச்சும்மா."

"அப்ப… வந்துடறியா?"

"எல்லாம் அப்பாவோட ரெக்கார்டும்மா. நிமிர்த்தி வச்சா அளவெடுத்த மாதிரி இருக்கு. இனி ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை."

சிரித்தாள். அந்தப் பேச்சை அதற்கு மேல் எடுக்கவில்லை.

பெட்டி உருளாமல் இருக்கச் சக்கரங்களை வெள்ளை நூலால் கட்டினேன். கட்டலாமா என்று மெக்கானிக்கை முதலில் கேட்டுக்கொண்டேன்.