பதினேழு வீட்டுச் சாவியும் உள்ளே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வாலுவும் நலம்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கடிதம் என்றால் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும், நூலகத்திலேயே தலை நரைத்தவளுக்கு முன்னுரையைத் தாண்டிக் குதிக்க மனம் வராது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று முடிவு எடுத்துவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணம் உறைக்குள்ளேயே இருக்கிறது, கையில் கனமாகத் தட்டுப்பட்டிருக்கும். அதை இப்போது பிரிக்காதே, கடைசியில் சொல்கிறேன்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய். வாங்குவதற்கு ஆள் காத்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் பதில் வேண்டும் என்றாய். நான் தெருவை விட்டு எப்படி வருவது என்று ஆரம்பித்தேன், நீ உடனே, "எந்தத் தெரும்மா? நான் கிளம்பி வந்தே பத்து வருஷம் ஆச்சு. எல்லாரும் போயாச்சு. யாரும்மா இருக்காங்க அங்க?" என்றாய். மாப்பிள்ளை பின்னாலிருந்து, "அத்தைக்கு மாடி ரூம் ரெடி" என்று குரல் கொடுத்தார். அவருடைய அன்புக்கு நன்றி சொல். மாடிப்படிக்கும் என் முழங்காலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதையும் பக்குவமாகச் சொல். ஆனால் நீ கேட்டது நியாயமான கேள்வி. யார் இருக்கிறார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மறுநாள் மழை, வெளியே போக முடியாது, ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வீடாக மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

நீ போனபோது தெருவில் இருபத்திரண்டு வீடு, இன்றைக்கும் இருபத்திரண்டு. அன்றைக்கு அடுப்பும் இருபத்திரண்டுதான். இன்றைக்கு முப்பத்தைந்து. அடுப்பு இத்தனை பெருகியிருக்கிறதே, ஊர் செழித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நூறு பேருக்கு மேல் இருந்தோம், இப்போது எழுபதுக்குள்தான். ஆள் குறையக் குறைய குடும்பம் கூடியிருக்கிறது, இது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று தெரியாமல் நானும் முதலில் விழித்தேன். ஒலிபெருக்கி மாமா வீட்டை எடுத்துக்கொள். நீ இருந்தபோது ஏழு பேர், ஒரு வாசல். இப்போது கீழே மாமாவும் அத்தையும், மாடியில் தனி வாசல் வைத்துப் பெரிய மகனும் மருமகளும், கார் நிறுத்துகிற இடத்தில் சுவர் எழுப்பி அதில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன் வாடகைக்கு. ஐந்து பேர், மூன்று அடுப்பு, மூன்று வாசல், ஆனால் மின்சார மீட்டர் ஒன்றே ஒன்று, ஆகவே கூட்டுக் குடும்பத்துச் சண்டை மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. மகன் தனியாகப் போய்விட்டானாமே என்று அத்தையிடம் யாராவது துக்கம் விசாரித்தால், "தனியா எங்க போனான், மேலதான் போயிருக்கான்" என்கிறார். தொட்டிலும் பள்ளிக்கூட வேனும் தெருவில் அபூர்வமாகிவிட்டன. கைத்தடி எட்டு. நாய் ஒன்பது, நாய்களுக்கு மட்டும் குளிருக்குச் சட்டை உண்டு.

எதிர் வீடு ஞாபகம் இருக்கிறதா, பேங்க் மேனேஜர் வீடு, மூன்று பிள்ளைகளும் உன்னோடு பள்ளிக்குப் போனவர்கள். அவர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய், அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸ்கள் ஆறு பேர் வாடகைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வந்த வாரமே தெருச் சங்கம் கூடிவிட்டது. குடும்பங்களுக்குத்தான் வீடு கொடுக்கலாம் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டாம். ஒலிபெருக்கி மாமா எழுந்து, "குடும்பம்னா அப்பா, அம்மா, பிள்ளைங்க. விடிஞ்சா ரெண்டு பேரு வராங்க, இருட்டினா ரெண்டு பேரு போறாங்க. இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். மைக் இல்லாமலேயே அந்த ஆறு பேருக்கும் எதிர் வீட்டிலிருந்தபடியே கேட்டுவிட்டது. அவர்களில் உயரமானவள் நேரே கூட்டத்துக்கு வந்தாள், நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம், அவளுக்கும் தெரியும். "நாங்க ஆறு பேரும் ஒரே பாத்திரத்துலதான் சமைக்கிறோம் சார், ஒரே பாத்ரூமுக்குச் சண்டை போடறோம், ஒருத்திக்குக் காய்ச்சல்னா மத்தவ லீவு போடறா. இதுக்கு மேல குடும்பம்னா என்ன பண்ணணும், சொல்லுங்க, பண்ணிடறோம்" என்றாள். நான் எழுந்து, மாமா சொன்ன இலக்கணப்படி பார்த்தால் இந்தத் தெருவில் நாலு குடும்பம்தான் தேறும், மீதி எல்லாரும் காலிசெய்ய வேண்டும், நான் முதலில் மூட்டை கட்டுகிறேன், சங்கத் தலைவரின் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறதே, தலைவர் எப்போது கிளம்புகிறார் என்று கேட்டேன். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

இனி சாவி விஷயம். நம் தெருவில் அந்த நாளில் பூட்டு என்பது வெளியூர் போகிறவர்கள் வைத்திருக்கும் பொருள். எந்த வீட்டிலும் எந்நேரமும் யாராவது ஒருவர் இருந்தார்கள், சாவியைப் பற்றி யார் நினைத்தார்கள். இப்போது பாதி வீட்டில் ஓராள், அந்த ஓராள் கடைக்குப் போனால் வீட்டில் ஆளில்லை. முதலில் மாட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். மனைவி போய், மூன்று பிள்ளைகளும் மூன்று ஊருக்குப் போய், தனியாக இருக்கிறாரே, அவர்தான். குப்பை கொட்ட வந்தவர், பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஒலிபெருக்கி மாமா ஜன்னல் வழியாக அவரை உள்ளே தள்ளியது தெருவே நின்று பார்த்த காட்சி. இவ்வளவு சுலபமாக யாரும் நுழையலாமா என்று பயந்து அந்த வாரமே ஜன்னலுக்குக் கம்பியும் கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கதவும் போட்டார், இரண்டுக்கும் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்து, "நீங்கதான் எப்பவும் வீட்ல புத்தகத்தோட இருக்கீங்க" என்றார். அடுத்த வாரம் இன்னொருவர், அப்படியே ஒவ்வொருவராக, இப்போது பதினேழு வீட்டுச் சாவி நம் கூடத்தில் தொங்குகிறது. அப்பா இருந்தவரை காலண்டர் மாட்டிய இடத்தில் கொக்கி அடித்து வீட்டு எண் வரிசையில் மாட்டியிருக்கிறேன், கொக்கிக்குக் கொக்கி வேறு நிறத்தில் துணிப்பட்டை தையல்காரர் தைத்துக் கொடுத்தது. யாராவது வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தர மறந்தால் நூலகத்தில் பார்த்துப் பழகிய பார்வை ஒன்று பார்ப்பேன், அன்று மாலையே வந்துவிடும். எந்த வீட்டுக்குள்ளும் நான் நினைத்த மாத்திரத்தில் நுழையலாம் மகளே, நாட்டை ஆளுகிறவர்களுக்கும் இந்த வசதி கிடையாது.

போன மாதம் ஒரு நாள் காலை, பேப்பர் போடுபவர் தையல்காரர் வாசலில் பேப்பரை வீசிவிட்டுப் போனார். பேப்பர் விழுகிற சத்தமும் அவர் கதவு திறக்கிற சத்தமும் எப்போதும் சேர்ந்தே கேட்கும். அன்றைக்கு விழுந்தது மட்டும் கேட்டது. டீ குடித்து முடித்து எட்டிப் பார்த்தேன், பேப்பர் கிடந்த இடத்திலேயே கிடந்தது. போய் இரும்புக் கதவைத் தட்டினேன், அண்ணே அண்ணே என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. சரி, சாவியை எடுத்து வரலாம் என்று திரும்பினால், அப்பா ஆசைப்பட்டுப் போட்டாரே, தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு, அது தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. காற்றில் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. பதினேழு வீட்டுச் சாவியும் உள்ளே, நான் வெளியே, தையல்காரர் அவர் வீட்டுக்குள்ளே. நம் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று உள்ளே என் கைப்பையில். ஒன்று அப்பாவுடையது, அதுவும் உள்ளே, அவர் மேஜை டிராயரில். மூன்றாவது உன் சாவிக்கொத்தில். ஊரார் சாவியெல்லாம் என்னிடம், என் சாவி கடலுக்கு அந்தப் பக்கம். இத்தனை நாளில் என் சாவி ஒன்றையும் யாரிடமாவது கொடுத்து வைப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பூட்டிக்கொண்டு நிற்பது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைப்பு. செருப்பில்லாமல் வாசலில் நின்றபோது, அங்கே நீ தூங்கிக்கொண்டிருப்பாய், உன் பையின் அடியில் நம் வீடு கிடக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் நெட்டை வேலை முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கவிடவில்லை. தையல்காரர் கதவைப் பார்த்தாள், நம் கதவைப் பார்த்தாள், "ஆன்ட்டி, அந்த இரும்புக் கதவை உடைக்கவே மதியம் ஆயிடும், உங்களது ஒரு தட்டு தாங்காது, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன். சத்தம் கேட்டு வந்த ஒலிபெருக்கி மாமா தன் காரிலிருந்து கடப்பாரை மாதிரி ஏதோ எடுத்து வந்து, "நான் உடைக்கிறேன், பொம்பளைப் பிள்ளை நீ தள்ளும்மா" என்று இரண்டு முறை முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை வாங்கி ஒரே நெம்பு, அப்பாவின் பூட்டு தரையில் விழுந்தது. நீல நிறப் பட்டை கட்டின சாவியை எடுத்துக்கொண்டு ஓடினோம். தையல்காரர் குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார், கால் மடங்கியிருந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் கிசுகிசுத்த குரலில், "முதல்ல சட்டை குடுங்க. இப்படியே தூக்கிட்டுப் போனா நான் தொழில் பண்ண முடியாது" என்றார். சட்டை போட்டுவிட்டுத்தான் தூக்க விட்டார், பொத்தான் ஒன்று மாறிப் போட்டதற்கு நெட்டையைக் கோபித்தும் கொண்டார். அப்போதே எனக்கு உயிர் வந்துவிட்டது.

எலும்பு முறிவுதான், கட்டுப் போட்டிருக்கிறார்கள், தேறி வருகிறார். ஆறு நர்ஸ்களும் முறை வைத்து வந்து பார்க்கிறார்கள். காலையில் இரண்டு பேர் வந்து இரவில் இரண்டு பேர் போகிற அந்த பஸ் ஸ்டாண்டினால் ஒரு வசதி, எந்நேரத்திலும் ஒருத்தி விழித்திருக்கிறாள். மாமா இப்போது தெரு முழுக்க, "நம்ம பொண்ணுங்க இருக்கிற வரைக்கும் என்ன கவலை" என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார், அவர் நம்ம என்று சொன்னால் சங்கத்தில் தீர்மானம் போட்ட மாதிரி. தையல்காரருடைய மூத்த மகன் போனில், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள், யார் இருக்கிறார்கள் அங்கே என்று உன் வார்த்தையையே கேட்டானாம். நீங்களெல்லாம் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தானே. அவர், "ஆறு பேரு இருக்காங்கடா, ஷிப்ட் போட்டு இருக்காங்க. நீங்க மூணு பேரு இருந்தப்பகூட இப்படிக் கவனிப்பு இல்லை" என்று சொல்லிவிட்டார். மகன் கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் நேரில் வருகிறான், அதுவும் லாபம்தான்.

ஆகவே என் பதில் இது. வீட்டை விற்கவில்லை. காத்திருக்கிறவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு. நீ கவலைப்பட்டது தப்பில்லை, அன்றைக்கு அந்தக் குளியலறைத் தரையில் கிடந்தது நானாக இருந்திருக்கலாம், என் கதவைத் திறக்க இந்தத் தெருவில் ஒருவரிடமும் சாவி இருந்திருக்காது. வியாதியை நீ சரியாகப் பிடித்தாய், மருந்துதான் அதிகம். நீ தேடுகிற தெரு போய்விட்டது, வாஸ்தவம். அந்த நூறு பேரும் திரும்பி வரப்போவதில்லை, வந்தாலும் அவர்களை வைத்துக்கொள்ள இடமில்லை, சுவர் எழுப்பிவிட்டோம். இருக்கிற எழுபது பேரில் பாதிப் பேருக்கு உன் முகம் தெரியாது. ஆனால் என் வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடந்தால் ஓடி வர ஆள் இருக்கிறது. உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போன வருஷம் கேட்டேன், "யாரோ இருக்காங்கம்மா" என்றாய். மாப்பிள்ளை வாரம் முழுக்க வெளியூர், நீயும் வாலுவும்தான் வீட்டில். முதல் வேலையாக ஏதாவது தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த யாரோவின் கதவைத் தட்டு, பேசிப் பழகி ஒரு சாவியைக் கொடுத்து வை. நான் பட்டதைத்தான் சொல்கிறேன்.

வாலுவுக்குச் சளி விட்டதா என்று எழுது, தலையை ஈரத்தோடு விடாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் சிரித்த முகமாக இருக்க வேண்டும். இப்போது உறையின் அடியில் காகிதத்தில் சுற்றியிருப்பதைப் பிரி. பூட்டுக்காரர் புதுப் பூட்டு போட்டு மூன்று சாவி கொடுத்தார். ஒன்று என்னிடம். அப்பாவின் பங்கை நெட்டையிடம் கொடுத்துவிட்டேன், எதிர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, பச்சைப் பட்டை. மூன்றாவது இது. உன் கொத்தில் இருக்கிற பழையது இனி எதையும் திறக்காது, அதைக் கழற்றிவிட்டு இதைக் கோத்துக்கொள், மறந்துவிடாதே, டிராயரில் போட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். வருகிறபோது மணி அடிக்க வேண்டாம், நீயே திறந்துகொண்டு வா.

உன் வருகையை நினைத்தபடி,
அம்மா