இரண்டு வண்டிக்கு ஒரே எண்

லௌகா
9 அக்டோபர் 1994

அன்பு மகள் ஹில்க்காவுக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம், முட்டி மட்டும் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்தப் பிரிஸ்பேன் வெயிலில் சுகமாகத்தான் இருப்பீர்கள், வேறு விதமாக நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. உருளைக்கிழங்கு தோண்டி நிலவறையில் இறக்கியாகிவிட்டது. காட்டில் இந்த வருடம் சிவப்புப் பழம் கொட்டிக் கிடக்கிறது, உன் அம்மா இருந்திருந்தால் மூன்று வாளி நிரம்பாமல் வீடு திரும்பியிருக்க மாட்டாள், நான் ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டேன், சாப்பிட யார் இருக்கிறார்கள். சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலறையை இன்னமும் சூடு பண்ணுகிறேன், ஒற்றை ஆளுக்கு இத்தனை விறகா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். மேல் பலகையில் அவள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு ஓரமாகத்தான் உட்காருகிறேன். சின்னவள் பல் விழுந்து சிரிக்கிற படம் வந்து சேர்ந்தது, அப்படியே உன் அம்மா ஹெல்வியின் வாய்.

பழைய கார் சங்கத்துக்காக நான் நாலு வருடமாகச் செய்கிற வேலையை நீ தொலைபேசியில் கேலி செய்வாய், பிணத்துக்கு ஜாதகம் பார்க்கிற வேலை என்று. அது ஒன்றும் பொய்யில்லை. ஐம்பதுகளில் யுவாஸ்கூலா ராலி கார்ப் பந்தயத்தில் ஓடிய வண்டிகள் எங்கே போயின, யார் கையில் சிதைந்தன என்று தேடிப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். அந்தக் காலத்தில் வண்டி ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு விற்றுப் போனால் நம்பர் பலகையே மாறிவிடும், நாலு கை மாறிய வண்டிக்கு நாலு பெயர். பலகையை நம்பினால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். வண்டியின் சொந்த எண்ணைப் பொறித்து எஞ்சின் அறைக்குள் ஆணியடித்த சின்னத் தகடு ஒன்றுதான் மாறாது, அதைப் பிடித்துக்கொண்டு மாகாண ஆவணக் காப்பகங்களில் தூசி தின்ன வேண்டும். இதுவரை மூன்று போலி வண்டிகளைப் பிடித்திருக்கிறேன், அதில் ஒருவர் இன்றைக்கும் கடையில் என்னைப் பார்த்தால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். டைஸ்டோ கையெழுத்துப் போட்டால் பேச்சு முடிந்தது என்று சங்கத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஊருக்கு உபதேசம்தான் அம்மா, மேலே படி.

போன மாதம் ஔலுவிலிருந்து யோர்மா என்று ஒருவர் எழுதினார். நானும் உன் அம்மாவும் 1959இல் ஓட்டிப் பதினோராவதாக வந்த கருப்பு வோல்வோ தன்னிடம் இருக்கிறது, வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று. நாலு வருடமாக ஊரார் வண்டியெல்லாம் தேடினேன், இந்த ஒன்றை மட்டும் நான் தேடவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அதுவே எனக்கு வசதியாக இருந்தது. போனேன். அவர் மனைவி ஏலக்காய் ரொட்டியும் ஏழு வகைப் பலகாரமும் வைத்து, "பதினோரு வருஷமா இந்த மனுசன் என்கிட்ட பேசுனத விட இந்தக் கார்கிட்ட பேசுனதுதான் ஜாஸ்தி, அது எப்பத்தான் பதில் சொல்லப் போகுதோ" என்று சிரித்தார். வண்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. கை மாறிய விவரம் ஒன்று விடாமல் சரி, தகடும் சரி. பழைய செய்தித்தாள் படத்தைப் பார்த்து பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன உன் அம்மா பந்தய நேரம் பார்த்த மூன்று கடிகாரங்களைக்கூட அளவெடுத்துப் பொருத்தியிருந்தார். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார், உட்கார்ந்தேன். அவள் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் கையெழுத்திட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், வழியெல்லாம் மானம் போயிற்று.

1960 ஆகஸ்ட், ராலிக்கு ஒரு வாரம் முன்னால், உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு உவுரைனென் பக்கம் பாதை பார்க்கப் போனோம். நடுப்பகல், வெயில், ஒரு ஈ காக்கை இல்லை. ஹெல்வி வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மேட்டத் தாண்டுன ஒடனே வலது, வேகத்தக் கொறைங்க" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். இரண்டாம் தடவையும் சொன்னாள். மேட்டைத் தாண்டியபோது எதிரே பைன் மரம்தான் இருந்தது, மோதியது அவள் பக்கம். நான் கீறல் இல்லாமல் இறங்கினேன், அவள் வலது முட்டி போயிற்று. பக்கத்துப் பண்ணை வில்ஹோ குதிரை கட்டி வண்டியை இழுத்துப் போட்டார். ஆம், கண்ணு, நீ வளர்ந்து கேட்டபோது கிணற்றடிப் பனியில் சறுக்கி விழுந்தது என்று உனக்குச் சொன்னதெல்லாம் பொய். அந்தக் கதையையும் அவள்தான் கட்டினாள். போலீசுக்குப் போனால் என் உரிமத்தைப் பிடுங்குவார்கள், உரிமம் போனால் பால் லாரி வேலை போகும், குழந்தை வயிற்றில் என்னத்தை ஊற்றுவது என்று, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு அவள் புத்தி சொன்னாள். புது வண்டி வாங்க அரசாங்க அனுமதிச் சீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தாம்பரே நகரில் அதே மாதிரி வோல்வோவின் வெறும் கூட்டை வாங்கிச் சரிசெய்து, பழைய தகட்டைப் பெயர்த்து அதில் அடித்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, காகிதத்தில் எல்லாம் சுத்தம். அதற்குப் பிறகு நான் ராலி ஓட்டவில்லை, இரண்டு வருடத்தில் அதையும் விற்றேன், அதுதான் யோர்மாவின் வண்டி.

உண்மையான வண்டி வில்ஹோவின் கொட்டகைக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். கொஞ்ச காலம் கோழி அடைத்தார்களாம், இப்போது தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பிர்ச் மரம் கூரை வரைக்கும் வளர்ந்திருக்கிறது. அவள் பக்கத்துக் கதவு உள்ளே ஒடுங்கியபடியே இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன், ஹில்க்கா, அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. திரும்பி வந்ததும் யோர்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு, "நீங்க சொல்லாமலே இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது பெரியவரே" என்றார். கோபத்தில் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அவர் இன்னும் தன் வண்டி நிற்கிற கொட்டகைப் பக்கமே போகவில்லை என்று அவர் மனைவி ஒரு அட்டை போட்டிருக்கிறார். பலகாரம் சாப்பிட்ட கையால் அந்த மனுசனின் பதினோரு வருடத்தைப் பிடுங்கினேன், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சங்கத்துப் படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பாதை பார்க்கும்போது மரத்தில் மோதியது. வழி சொன்ன ஹெல்வி சரியாகச் சொன்னார். ஓட்டியவர் கேட்கவில்லை." வசந்தத்தில் புத்தகமாக அச்சிடுவார்கள், நீ அதில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இது. உன் பதிலுக்குக் காத்திருந்தால் எனக்குத் தைரியம் கரைந்துவிடும், அதனால் படிவத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒன்றாகவே நாளை தபாலில் சேர்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதுதான் எழுதக் கையே வரவில்லை. ஒன்பது வருடம் முன்பு, இரண்டாவது பிரசவத்துக்கும் அம்மா வரவில்லை என்று நீ எழுதினாயே, முட்டி வலி எல்லாம் சாக்கு, அவளுக்குப் பேரப்பிள்ளைகள் மேல் ஆசையில்லை என்று. ஆசையில்லாமல் என்ன, பிரிஸ்பேன் வரைபடம் வாங்கி உன் தெருவில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். காலை நீட்டாமல் அத்தனை மணி நேரம் விமானத்தில் அவளால் உட்கார முடியாது. இன்றைக்கே உண்மையை எழுதிவிடுகிறேன் என்று நான் பேனாவை எடுத்தேன். அவள் பிடுங்கி வைத்துவிட்டு, "அவ என் மேலயே கோவமா இருக்கட்டும், உங்க மேல வேண்டாம்" என்றாள்.

அந்தக் கோபம் என் விலாசத்துக்கு வர வேண்டியது, மகளே. அவளிடமிருந்து எடுத்து எனக்கு அனுப்பிவிடு.

மாப்பிள்ளைக்கு அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். பெரியவன் ஓட்டக் கற்றுக்கொள்கிறானாமே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல். தொலைபேசியில் கூப்பிடுவதானால் ஞாயிறு காலையில் கூப்பிடு, கூப்பிடாவிட்டாலும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பார்க்க ஏங்கும்
அப்பா டைஸ்டோ