வாடை நின்ற நேரம்

இன்று காலை பின்பக்கக் குளியலறையின் கதவைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை. ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு நேற்றுதான் திரும்பியிருந்தோம். முதலியார்பேட்டையில் சாக்கடை நாறுவது யாருக்கும் புதிதில்லை. ஆனாலும் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டு, மாமனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

“என்னாம்மா ஆச்சு? செருப்புகூட போடலியே நானு,” என்றார் அவர்.

எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். “சாக்கடை நாத்தத்துக்கா இப்டி ஓடியாந்த?”

ஆமாம் என்றேன். பிளம்பர் வரும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. தரைக்குழாயின் வளைவில் வாடையைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் மட்டும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதனால் என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான்.

லாஸ்பேட்டைக் கல்லூரியில் படித்தபோது நாம் இருவரும் ஆராய்ச்சிக்கு ஒரே தலைப்பை எடுத்தோம்: நுண்ணுயிரை வைத்து மின்சாரம். யோசனை உன்னுடையது. சாக்கடைச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று எலெக்ட்ரான்களை வெளியே தள்ளுகின்றன; சேற்றில் கார்பன் இழையால் நெய்த ஒரு கரித்துணியைப் புதைத்து, மேலே காற்றுப்படும் தண்ணீரில் இன்னொன்றை வைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்தால் மின்சாரம் ஓடும். நீ வெறுங்கையால் சேற்றை அள்ளப் போவாய். நான் கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு உன்னைத் திட்டுவேன்.

சேறு நிரப்பிக் கம்பி இணைத்த முதல் ஜாடி பல நாள் சும்மா கிடந்தது. உன் அம்மா வழியில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். தினமும் வந்ததும் ஜாடியை விரலால் தட்டி, “போன்ழூர்” என்று வணக்கம் சொல்வாய். ஒரு நாள் மீட்டரில் எண் ஏறியது. அரை வோல்ட்கூட இல்லை. நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். “பாருடி, கண்ணுக்கே தெரியாததுங்க நமக்காக வேலை செய்யுதுங்க!” எனக்கு அந்த ‘கண்ணுக்கே தெரியாதது’தான் பயமாக இருந்தது. அதைச் சொன்னதற்கு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி “பயந்தாங்கொள்ளி” என்றாய்.

பிறகு பெரிதாகச் செய்து பார்க்கும் ஆசை உனக்கு வந்தது. விடுதிக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கரித்துணிகளை அதில் இறக்கி, கம்பியை மேலே கொண்டுவந்து கட்டினோம். விடுமுறை வந்ததால் பலகை போட்டு மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது மீட்டர் அசையவில்லை. கம்பி எங்கோ உள்ளே அறுந்திருந்தது.

பலகையை நகர்த்தினோம். அழுகின முட்டை வாடை முகத்தில் அறைந்தது. சேற்றில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் மட்டுமா இருக்கும்? அந்த வாடை வீசும் விஷவாயுவை உண்டாக்குகிறவையும் அங்கேதான் குடியிருந்தன. படித்திருந்தோம். பாடத்தில் படித்தது காலடியில் தேங்கி நிற்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

தோட்டக்காரர் ஏழுமலை அண்ணன் ஏணியோடு வந்தார். “நவுருங்கம்மா. சட்டுனு எறங்கி எடுத்தாந்துடறேன்.”

“வேணாண்ணே. தொறந்து கெடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றாய்.

“இதுக்கு எதுக்கு நாளைக்கு?” அவர் பாட்டுக்கு ஏணியை இறக்கிவிட்டுப் படியில் கால் வைத்துவிட்டார்.

நான்தான் சொன்னேன்: “வாடை போயிடுச்சுடி. இப்ப ஒண்ணுமே தெரியல.”

நீ மூக்கை உறிஞ்சிப் பார்த்தாய். உன் முகம் வெளுத்தது. “எனக்கும் தெரியல,” என்றாய். மறுகணம் கத்தினாய். “அண்ணே, மேல வாங்க! வாடை போகல, நம்ம மூக்குதான் செத்துப்போச்சு!”

அவர் என்னவோ கேட்பதுபோல அண்ணாந்து பார்த்தார். கண் செருகியது. முழங்கால் மடிந்தது. ஒரு கை ஏணிப் படியில் மாட்டிக்கொண்டதால் விழாமல் தொங்கினார். நான் யோசிக்கவே இல்லை. ஏணியில் கால் வைக்கப் போனேன். நீ என் ஜடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய்.

“எறங்காத! எறங்குனா நீயும் போயிடுவ. மூச்ச அடக்கிக்க. குனிஞ்சு அவர் சட்டையப் புடி. முடியலன்னா தூர ஓடிப்போய் மூச்சு வாங்கிட்டு வா.”

அப்படித்தான் செய்தோம். நீ பிடிக்கும்போது நான் ஓடினேன், நான் பிடிக்கும்போது நீ ஓடினாய். சட்டை கிழிந்தது. அக்குளில் கை கொடுத்தோம். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்து கை கொடுத்த பிறகுதான் அவரைப் புல்லில் இழுத்துப்போட முடிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் இருமினார். அந்த இருமலைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பிழைத்துக்கொண்டார். ஏணி வைத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்றார்.

அன்று மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன், “உனக்குப் பயமா இல்லியா?”

“எதுக்கு?” என்றாய். “உன் ஜடைய மட்டும் வெட்டிடாதடி. அவசரத்துக்கு ஒதவுது.”

தொட்டி வேலை அதோடு நின்றது. ஜாடிகளை வைத்தே படிப்பை முடித்தோம். எனக்குள் மட்டும் எதுவோ திருகிக்கொண்டது. வாடை இருந்தால் பயம். வாடை இல்லாவிட்டால் அதைவிடப் பயம்; அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். இன்றும் காலையில் காபித்தூள் டப்பாவைத் திறந்து, மூக்கு உயிரோடிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

போன வருஷம் உன் கணையத்தில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நீ ஜோக் அடித்தாய். உன் கணவரையும் அண்ணனையும் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினாய். ஒரு மத்தியானம் நாம் இருவர் மட்டும் இருந்தோம். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதிந்தது.

“ரொம்பப் பயமா இருக்குடி,” என்றாய். “நீ எப்படி தெனமும் இதோடவே இருந்த?”

உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தைரியமாக இரு என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “அது போவும்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். பயந்துக்கிட்டே பாத்திரம் கழுவுவேன், பயந்துக்கிட்டே பஸ் ஏறுவேன். அவ்ளோதான்.”

என் மணிக்கட்டை விட்டாய். “சரி, கஞ்சி குடு. பயந்துக்கிட்டே குடிக்கிறேன்,” என்றாய். தம்ளர் ஆடியது. நான் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். பாதி சிந்தியது, மீதியைக் குடித்தாய். அந்த வாரமே போய்விட்டாய்.

உன் வீட்டுக்கு எப்போது போனாலும் உன் அண்ணன் அதையேதான் சொல்கிறார். “கடைசி வரைக்கும் அவ கொஞ்சம்கூட பயப்படலம்மா.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. நான் “ஆமாண்ணே” என்கிறேன்.