தாழைமுற்றத்துப் பிள்ளைகள் தின்ற எழுத்து

வளம் நிறைக. மழை பொய்க்காத மூன்று மலைகளுக்கும் வற்றாத இரண்டு ஆறுகளுக்கும் உரியவளும், இளவெயில் நாட்டை ஒரு குடைக்கீழ்க் காப்பவளுமாகிய பசும்பிறை மாதேவி, வெண்மாட மாநகரத்து அரண்மனையில் வீற்றிருந்து, நெய்தற்கரை நாட்டுக் காவலரும், கடற்படைக்குத் தலைவரும், நம் சிற்றன்னை பெற்ற தம்பியுமாகிய வேங்கைநம்பிக்கு விடுக்கும் ஓலை. உம் உப்பளங்கள் வெளுக்க விளைக. உம் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உம் இல்லத்தரசிக்கும் மக்களுக்கும் நம் ஆசிகள் உரியன ஆகுக.

மழைக்காலம் முடிந்ததும் உம் நாட்டில் சிறுபிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்போவதாக எழுதியிருந்தீர். ஐந்து வயதினருக்கு முதல் நாளே எழுத்தாணியைக் கையில் தரலாமா என்றும், தந்தால் அழுகிறார்களே, அழுதால் எவ்வளவு அடிக்கலாம் என்றும் உம் அவையோர் ஐயம் எழுப்பியதாகக் குறித்திருந்தீர். அதே ஓலையின் அடியில், நம் நாட்டில் அரசியின் பெயரைத் தின்ற குற்றத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகளைக் காவலர் பிடித்துச் சென்றதாகத் துறைமுகத்தில் பேச்சு உலவுகிறது, அது மெய்தானா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர். மெய்தான். நடந்ததைச் சொல்கிறோம், உம் முதல் ஐயத்துக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

தாழைமுற்றம் நம் தென்கோட்டத்தில் உள்ள ஊர். அங்கே சிறுவர் பள்ளிக்கு அல்லியங்கோதை என்னும் ஆசிரியையை அமர்த்தினோம். கெட்டிக்காரி, ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் வாசற்காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவர் எழுத்தாணியையும் எடுக்கவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, அந்தப் பெயருக்கு எத்தனை தட்டு என்று கைதட்டச் சொன்னார். தம் பெயரைத் தாமே தட்டிப் பார்க்கும் ஆசையில் பாதிப் பேர் அழுகையை மறந்தார்கள். மறுநாள் முற்றத்தில் கோலமாவால் ஆள் உயரத்துக்கு எழுத்து வரைந்து அதன்மேல் நடக்கவிட்டார். பிறகு முறத்தில் மணல் பரப்பி விரலால் எழுதச் செய்தார். புளியங்கொட்டைகளை எழுத்தின் வடிவில் அடுக்கச் செய்தார். பகர எழுத்தின் முறை வந்த நாளில், அரிசி மாவைப் பிசைந்து ஆளுக்கோர் உருண்டை தந்து, கீழ்நோக்கி ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, மேல்நோக்கி ஒரு கோடு என்று உருட்டி ஒட்டவைத்து, உள்ளே வெல்லம் வைத்து அவித்துக் கொடுத்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே தின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோட்டத் தலைவர் கொற்றங்குடியார் பரிவாரத்தோடு மேற்பார்வைக்கு வந்தார். நம்மிடம் அவருக்குள்ள பக்தி நாடறிந்தது. நம் பிறந்தநாளன்று தம் ஊர்க் காளைகளுக்கெல்லாம் பட்டுப் போர்த்தியவர் அவர். வெயிலில் மயங்கி விழுந்த காளைகளைப் பற்றி நமக்கு எழுதாமல் விட்டவரும் அவரே. வாயில் மாவோடு நின்ற பூங்குழை என்ற சிறுமியிடம், என்ன தின்கிறாய் என்று அவர் வினவினார். அன்று காலைதான் ஆசிரியை, இது நம் அரசியின் பெயரில் முதலில் வரும் எழுத்து என்று சொல்லித் தந்திருந்தார். சிறுமி விழுங்கிவிட்டு, “ராணி பேரைத்தான் திங்கிறோம். உங்களுக்கும் வேணுமா?” என்று மரியாதையாகவே கேட்டாள்.

கொற்றங்குடியார் நடுங்கிப்போனார். அரசியின் பெயர் அவருடைய ஆட்சிக்குட்பட்ட ஊரில் அவிக்கப்பட்டு, கடிக்கப்பட்டு, வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியைக்கு அங்கேயே விலங்கு பூட்டினார். மிச்சமிருந்த ஒரு மாவெழுத்தைச் சான்றுப் பொருளாகப் பட்டுத்துணியில் பொதிந்தார். பகரமும் பா, பி, பூ என்னும் அதன் வரிசையும் அரசிக்கு மட்டுமே உரியவை, இனி எவரும் அவற்றை எழுதவோ, எழுத்தைக் கூட்டிப் படிக்கவோ, கடைத்தெருவில் கூவவோ கூடாது என்று அன்று மாலையே முரசறைந்தார். பால் விற்பவள் வெள்ளை என்று கூவினாள். அது சுண்ணாம்பு என்று எண்ணி மக்கள் கதவைத் திறக்கவில்லை. பள்ளிக் கதவில் பெயரெழுதித் தொங்கிய ஓலைகளிலிருந்து அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தார்கள். பூங்குழையின் ஓலையில் பாதிப் பெயர்தான் மிஞ்சியது.

இவ்வளவும் செய்தபின் நமக்கு முறையீடு விடுத்தார். சட்டத்துக்குத் தாமும் உட்பட்டவர் ஆதலால், தம் எழுத்தரையும் அந்த எழுத்தைத் தொடவிடவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்த ஓலையில் இருந்தது இது: ‘அல்லியங்கோதை என்வள் ள்ளிச் சிறார் நடுவே செய்த செயலால், இவள் அரசின் கை என்று உணர்ந்தேன். தக்கதைத் தாங்களே செய்தருள்க.’

அவர் எழுத நினைத்தது பகை. நாம் படித்தது கை. எழுத்தர் அவசரத்தில் சில எழுத்துகளை விட்டுவிட்டார் போலும் என்றார் நம் தலைமை அமைச்சர். ஒரு பள்ளி ஆசிரியையை அரசின் கை என்று ஒரு கோட்டத் தலைவர் புகழ்வது நம் ஆட்சியில் இதுவே முதன்முறை என்பதால் நாமும் மகிழ்ந்தோம். தக்கதைச் செய்தோம். ஆசிரியையைச் சிறப்போடு அழைத்துவரும் ஆணையோடு பல்லக்கும், பட்டும், குழலும் கொம்பும் முழங்க வாத்தியக்காரரும் தாழைமுற்றம் போனார்கள்.

பல்லக்கைக் கண்ட கொற்றங்குடியார் திகைத்தார். அரசாணை தவறு என்று சொல்வது குற்றம். குற்றவாளியை விடுவிப்பதும் குற்றம். ஆகவே இரண்டையும் காத்தார். ஆசிரியைக்குப் பட்டு உடுத்தி, விலங்கைக் கழற்றாமல், பல்லக்கில் ஏற்றினார். சாட்சிகள் என்று பிள்ளைகளையும் அவர்தம் தாயரையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக் காவலரை முன்னும் பின்னும் நடத்தி, தாமும் உடன்வந்தார். உம் துறைமுகத்துப் பேச்சு இந்த ஊர்வலத்தில் பிறந்ததே.

அவை நிறைந்திருக்க, நாம் இறங்கி வந்து ஆசிரியையின் கழுத்தில் மாலையிடக் குனிந்தபோதுதான் காலடியில் இரும்பு குலுங்கும் ஓசை கேட்டது. நாம் கொற்றங்குடியாரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். அதன்பின் நாழிகைக் கணக்கில் பேசியவர் அல்லியங்கோதை. சிறையில் கஞ்சி நீர்த்திருந்ததையும், பல்லக்கு தூக்கியவர்கள் ஒரே தாளத்தில் நடக்காததையும், டகரமும் மகரமும் கற்ற பிள்ளைகள் இந்நேரம் அவற்றை மறந்திருப்பார்கள் என்பதையும் சொல்லித் தீர்த்தார். விலங்கைக் கழற்றச் சொல்லி நாம் இருமுறை கையசைத்தும் அவர் பேச்சின் ஊடே அது எவர் கண்ணிலும் படவில்லை.

விலங்கு கழன்றபின் கோட்டத் தலைவர் குற்றத்தை எடுத்துரைத்தார். எழுத்தை மதியாதவர் அரசை மதியார் என்றும், இன்று பெயரைத் தின்றவர் நாளை முத்திரையையும் கொடியையும் தின்பர் என்றும் வாதிட்டார். நம் அமைச்சருள் இருவர் தலையசைத்ததையும் மறைப்பதற்கில்லை. சான்றுப் பொருளான மாவெழுத்து பட்டுத்துணியிலிருந்து வெளிவந்தது. பூஞ்சை பிடித்து, ஒரு கால் ஒடிந்து, எந்த எழுத்து என்றே தெரியாத நிலையில் இருந்தது.

அப்போது தாயின் பிடியை உதறிக்கொண்டு பூங்குழை முன்னே வந்தாள். காவலர் தடுக்க எழுந்தனர்; நாம் விடச் சொன்னோம். அவள் நம் முன்னே நின்று, தன் பெயரைச் சொல்லிக் கைதட்டிக் காட்டினாள். பின்பு, “எம்பேருக்கு மூணு தட்டு. இப்ப ரெண்டுதான் தட்டணுமாம். இந்த மாமா சொல்றாரு, ஒரு தட்டு உங்களோடதாம், நீங்கதான் வெச்சிருக்கீகளாம். உங்களுக்குத்தான் நெறைய தட்டு இருக்கே. எனக்கு அது ஒண்ணுதான. குடுத்துருங்க” என்றாள்.

தம்பி, நம்மிடம் நிலம் கேட்டவர் உண்டு, பதவி கேட்டவர் உண்டு, பகைவர் தலையைக் கேட்டவரும் உண்டு. தன் பெயரைத் திருப்பிக் கேட்டவர் அதுவரை எவருமில்லை. அவள் அழவில்லை. நாம் எடுத்துக்கொண்டோம் என்றே முழுமையாக நம்பி, கோபமும் இல்லாமல், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்கே, அந்த எழுத்து எப்படி இருக்கும், காட்டு என்றோம். அவள் நம் சுட்டுவிரலைப் பிடித்து, அரியணைக் கைப்பிடியின்மேல், “கீழ, குறுக்க, மேல” என்று இழுத்தாள். வேகம் பற்றாது என்று மறுமுறையும் இழுக்கவைத்தாள்.

அவையிலேயே மாவு பிசையச் சொன்னோம். அமைச்சர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னர் உருட்டினார்கள். நம் படைத்தலைவர் உருட்டிய பகரம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அல்லியங்கோதை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார். தலைமை அமைச்சர் தாம் செய்ததை எவரும் தின்னக்கூடாது என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவிந்து வந்ததும் நம் பெயரை நாமே முதலில் தின்றோம். வெல்லம் சற்று அதிகம்.

கொற்றங்குடியார் மட்டும் தொடவில்லை. எழுத்து மூலமான ஆணை இன்றி இத்தகைய செயல் தம்மால் ஆகாது என்று பணிவுடன் தெரிவித்தார். ‘பசும்பிறை பணிக்கிறாள்: பலகாரத்தைப் புசிக்க’ என்று அங்கேயே எழுதி நீட்டினோம். அவர் ஓலையை வாங்கினார். ஆனால் தம் ஊர்ச் சட்டப்படி அதைப் படிக்க முடியாது என்றார். அவை சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. வியர்வை வழிய அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது, அந்த மனிதர் நம்மை நேசிக்கவில்லை, நெடுங்காலமாக நமக்கு அஞ்சி நடுங்குகிறார் என்பது விளங்கிற்று. அது அவர் குறை மட்டும் அன்று. அவருக்கு அந்த ஓலையைப் பூங்குழையே எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். தெரியாத எழுத்து வந்த இடங்களில் தயங்காமல் தன் விருப்பப்படி இட்டு நிரப்பினாள். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கடித்தார். மென்றார். வானம் இடியவில்லை. சற்றுப் பொறுத்து, இன்னொன்று கிடைக்குமா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

தீர்ப்பு இது. அல்லியங்கோதை தம் பள்ளிக்கே திரும்பினார். பகரம் விடுதலை பெற்றது. சுரண்டப்பட்ட பெயர்களைக் கொற்றங்குடியார் தம் கையாலேயே, பிள்ளைகள் முன்னிலையில், மீண்டும் எழுதித் தொங்கவிட்டார். அவர் பதவியில் நீடிக்கிறார்; ஆனால் நம்மைப் புகழ்ந்து எதுவும் செய்வதற்கு முன் நம் அனுமதி பெறவேண்டும் என்று விதித்திருக்கிறோம். காளைகள் பிழைத்தன.

ஆகவே தம்பி, உமக்கு நாம் இடும் ஆணையாவது: உம் பள்ளிகள் திறக்கும் நாளில் எழுத்தாணிகளைப் பெட்டியில் பூட்டிவைக்க. மணலும், மாவும், புளியங்கொட்டையும், கோலமாவும் பள்ளிதோறும் சேர்ப்பிக்க. எவ்வளவு அடிக்கலாம் என்று கேட்ட அவையோரைப் பிள்ளைகளோடு உட்காரவைத்துத் தம் பெயரைத் தட்டச் செய்க. தட்டுத் தவறினால் அவரை எவரும் அடியாதிருக்க. உம் பெயரின் முதலெழுத்தையே முதலில் அவித்துத் தருக. பிள்ளைகள் அதைக் கடிக்கும்போது அருகிலிருந்து பார்க்க. அதிகாரம் என்று நாம் சுமப்பது எவ்வளவு மென்மையானது என்பது அப்போது தெரியும்.

இவ்வோலை எழுதியவன் அரண்மனை எழுத்தன் மாங்குடிச் சாத்தன். நம் பெயரை நாமே ஒப்பமிட்டு, மீன்கொத்தி முத்திரை பொறித்தோம். ஓலை கொணர்ந்தவருக்கு உணவும் நிழலும் தருக. சொன்னது செய்க, செய்தது எழுதுக, எழுதும்போது ஓர் எழுத்தும் விடாதிருக்க.